குருதிக்கொடை விலக்குவார்க்கு மறுப்பு

பிணியுற்றார்க்கும், புண்பட்டார்க்கும், மகப்பேற்றின்கண் உதிரப்பெருக்குற்று வீழ்ந்த மகளிர்க்கும், உடல் நலமுடையார் தம் குருதியிற் சிறிது வழங்கி உயிர்காத்தல் இக்காலத்து மருத்துவ நெறிகளுள் தலையாயதொன்று. இதனை உலகத்தார் குருதிக்கொடை என்பர். இக்கொடையைச் செய்வாரும் செய்யாதாரும் தத்தமக்கு ஏற்ற காரணங் கூறுவர். செய்யாதாருட் பலர், 'ஊசிக்கு அஞ்சுகின்றேம்' என்றும் 'உடல் தளரும்' என்றும் வெளிப்படக் கூறி ஒழிவர். அவரொடு வழக்காட வேண்டுவதின்று. அவர்தம் அச்சத்தைக் கைதேர்ந்த செவிலி ஒருத்தி அரை நாழிகையிற் போக்கிவிடுவாள். மற்றுச் சைவருள் ஒருசாரார் உளர். அவர் தாம் கொடாமைக்குத் தம் அச்சத்தைக் காரணமாகக் கூறார்; சித்தாந்த சாத்திரத்தைக் காரணமாகக் கூறுவர். அச்சம் மனிதர்க்கு இயல்பு, அதனைப் பொறுக்கலாம். அச்சத்துக்குச் சாத்திரப் போர்வை போர்த்துவதைப் பொறுத்தல் ஆகாது. அவர் கூற்றே ஈண்டு ஆராயப்படுகின்றது.

அவர் கூறுமாறு: உடல் இறைவன் தந்த கருவியாகலின் அதனைக் குறைத்தல் தகாது. குருதி புறம்போதலின் தீட்டு உண்டாய், நாட்பூசைக்கு இடையூறாம். புலாலுண்பார் குருதியும் பிற குலத்தார் குருதியும் மரக்கறியுண்பார் குருதியொடு கலப்பின் குணமும் ஆசாரமும் கெடும். நோயுற்றான் தன் பிராரத்தத்தை நுகர்கின்றான். அதனிடைப் புகுதல் முறையன்று. இவை யாவும் ஒருபுறமிருக்க, இக்கொடை பசுபுண்ணியமேயன்றிச் சிவபுண்ணியம் அன்று. ஆகலின் சிவபத்தியுடையார்க்கு இது வேண்டா.

இவற்றைத் தனித்தனி எடுத்து ஆராயுமுன் ஒரு வினா. இங்ஙனங் கூறுவார் தம் மனைவியோ மகவோ அறுவை மருத்துவச் சாலையிற் கிடக்க, மருத்துவர் வந்து, 'இரண்டு பை குருதி இப்பொழுதே வேண்டும்' எனின், 'வேண்டா; அது தீட்டு, ஆசாரக்கேடு, பிராரத்தத்துக்கு இடையூறு' என்று விலக்குவரோ? விலக்கினாரைக் காண்டல் அரிது. இரத்த வங்கிக்கு ஓடுவர். கொடுத்தவர் யாரென வினவார். அவர் குலமும் உணவும் ஆராயார். பையின்மேல் எழுதிய பிரிவின் எழுத்தொன்றையே பார்ப்பர். பிள்ளை பிழைத்தபின் கோயிலுக்குச் சென்று அபிடேகமுஞ் செய்விப்பர். செய்விக்கட்டும், அது நன்றே. மற்று, ஏற்குங்கால் இல்லாத தீட்டு ஈயுங்கால் மட்டும் எங்கிருந்து வந்தது? பிறன் குருதி தன் மகன் நரம்பினுட் புகுதலாற் கெடாத ஆசாரம், தன் குருதி பிறன் மகன் நரம்பினுட் புகுதலாற் கெடுமோ? இவ்வொரு வினாவுக்கு விடையிறுத்த பின்னரே அவர் சாத்திரம் பேசுதல் தக்கது.

கிறித்தவ சமயக் கிளைகளுள் ஒன்றாகிய யெகோவாவின் சாட்சிகள் என்பார், குருதியை விலக்குமாறு விவிலியம் பணிப்பதாகக் கொண்டு, 1945 ஆம் ஆண்டு முதலாகக் குருதி ஏற்றிக்கொள்ளுதலை மறுத்து வருகின்றனர். அவர் கொள்கை சைவர்க்கு உடன்பாடன்று. ஆயினும் கொடுத்தலையும் ஏற்றலையும் ஒருங்கே விலக்கி, அதனால் வரும் இடரையும் தாமே தாங்குகின்றார் ஆகலின், அவர் சொல்லும் செயலும் தம்முள் முரணா. சைவருள் மறுப்பார்க்கோ அத்துணை உறுதியும் இன்று. மேலும், குருதி கொடாதே என்று விதித்த சைவ நூல் ஒன்றும் இல்லை. எந்நூல் என்று கேட்டால் 'பெரியோர் வழக்கம்' என்பர். பெரியோர் காலத்து இம்முறையே இல்லாதபோது அவர்க்கு இதிலொரு வழக்கம் உண்டாயது எங்ஙனம்?

இனி, உடல் இறைவன் தந்தது என்னும் ஆட்சேபத்தை நோக்குக. இறைவன் தந்தது என்பது மெய்யே. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் மாயையினின்றும் தோற்றுவித்து உயிர்க்கு அளித்தான் என்பது சித்தாந்தம். மற்று எதன்பொருட்டு அளித்தான்? தொழிற்படுத்தற்பொருட்டு அளித்தான், பெட்டியுட் பூட்டி வைத்தற்கன்று. உழவன் தன் மகன் கையிற் கொடுத்த அரிவாள் கதிரறுக்க அறுக்கத் தேயும். தேயுமென்று அதனைக் கூரையிற் செருகிவைத்த மகனைத் தந்தை மெச்சுவானோ?

அன்றியும், இவ்வாட்சேபம் குருதியின் இயல்பு அறியாமையின் எழுந்தது. வளர்ந்த மனிதன் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. கொடையிற் கொள்ளப்படுவது 350 மில்லி லிட்டர். எடை மிக்கார்பால் 450 மில்லி லிட்டர் கொள்ளுதலும் உண்டு. இதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் நிரம்பும். சிவப்பணுக்கள் சில கிழமைகளில் நிரம்பும். ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாளே. அதன்பின் மண்ணீரலும் கல்லீரலும் அதனைச் சிதைத்துவிடும். எலும்பினுள் உள்ள மச்சை நொடிதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் புதிய சிவப்பணுக்களைத் தோற்றுவித்து அவ்விழப்பை ஈடுசெய்துகொண்டே யிருக்கின்றது. ஆகவே கொடாதான் குருதி அவனிடத்து அழியாது நிற்பதன்று. கொடுத்தான் குருதி பிறன் உடம்பில் நின்று சிலநாள் தொழில்செய்து அழியும். கொடாதான் குருதி தன் மண்ணீரலிற் கிடந்து அழியும். உலோபி புதைத்த பொன்னாவது மண்ணுள் பொன்னாகவே கிடக்கும்; இவன் காத்த குருதி அங்ஙனமும் கிடப்பதன்று.

அளவிறந்து எடுத்துவிடுவர் என்று அஞ்சுதலும் வேண்டா. இந்தியாவில் இதற்கு வரையறை உண்டு. அகவை 18 முதல் 65 வரை உள்ளார், எடை 45 கிலோவுக்குக் குறையாதார், குருதியின் செம்பொருளாகிய ஈமோகுளோபின் 100 மில்லி லிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையாதார் மட்டுமே கொடுக்கத் தக்கவர். ஒருமுறை கொடுத்த ஆடவர் 90 நாளும் மகளிர் 120 நாளும் கழித்தே மீண்டுங் கொடுக்கலாம். விரல் நுனியிற் குத்தி ஒரு துளி எடுத்துச் சோதித்து, அளவு குறைந்தாரைத் திருப்பி அனுப்பிவிடுவர். மகளிருட் பலர் இங்ஙனம் திருப்பப்படுகின்றனர். குறை அவர்பால் இன்று, அவர் உண்ணும் உணவின்பாலது. கணவனும் மக்களும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் இல்லங்களில் இதனைக் காணலாம். மரக்கறியுண்பார்க்கு இவ்வளவு வாராது என்பதும் பொய். கீரையும் பயறும் எள்ளும் முறையாக உண்பார் பலர் இவ்வளவை எய்துகின்றனர்.

தீட்டு என்னும் ஆட்சேபத்துக்கு நெடிய விடை வேண்டா. சித்த மருத்துவத்தில் அட்டை விடுதலும் குருதி வாங்குதலும் உண்டு. தன் நோய்க்குக் குருதி வாங்கிக்கொண்டவனை எவரும் பூசைக்கு ஆகாதவன் என்று தள்ளி வைத்திலர். நீராடித் தூய்மை செய்துகொண்டு தன் கடனாற்றினான். பிறன் நோய்க்கு வாங்கின் மட்டும் நீராடுதல் பயன்படாது போமோ?

மூன்றாவதாகிய குணக்கலப்பு ஆட்சேபமே இவருள்ளத்து வேரூன்றியது. பிற யாவும் அதனைச் சூழக் கட்டிய வேலி. ஆகலின் இதனை விரித்து ஆராய்தல் வேண்டும்.

குருதிவழிக் குணம் செல்லும் என்னும் கொள்கை புதியதன்று. சைவ நூல்களிற் பிறந்ததும் அன்று. 1667 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர் ழான் பாப்தீஸ்த் தெனி என்பார், வெறிகொண்டு திரிந்த ஒருவனுக்குக் கன்றின் குருதியை ஏற்றினார். கன்று சாந்தமுடைய விலங்காகலின் அதன் சாந்தம் அவன்பாற் படிந்து வெறி தணியும் என்பது கருத்து. முதற்கண் அவன் தணிந்தான் போலத் தோன்றினான். பின்னர் வெறி மீண்டது. பின்னர் அவன் இறந்தான். அவன் மனைவி நஞ்சிட்டாள் என்றும் வழக்காயிற்று. 1668 இல் நீதிமன்றம், பாரிசு மருத்துவக் கழகத்தின் இசைவின்றி இச்செய்கை செய்யலாகாது என்று விலக்கிற்று. கன்றின் சாந்தம் ஒருபொழுதும் மனிதன்பால் ஏறிற்றில்லை. ஐரோப்பியர் 350 ஆண்டுக்கு முன் ஆய்ந்து கைவிட்ட பிழையைத் தமிழ்நாட்டுத் திண்ணைகளிற் சிலர் சைவாசாரம் என்று பெயரிட்டுக் காத்து வருகின்றனர்.

மனிதர் குருதிக்குள் வேற்றுமை இல்லையோ எனின், உண்டு. அவ்வேற்றுமையை வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901 இல் வெளியிட்டார்; அதன்பொருட்டு 1930 இல் நோபல் பரிசும் பெற்றார். ஏ, பி, ஏபி, ஓ என்னும் நான்கு பிரிவும், 1940 இல் அறியப்பட்ட ஆர்எச் என்னும் வேற்றுமையும் மருத்துவர் முதற்கண் நோக்குவன. இவை குலம்பற்றி வருவன அல்ல. உணவுபற்றி வருவன அல்ல. சமயம்பற்றி வருவனவும் அல்ல. ஒருவயிற்றுப் பிறந்த இருவர் வெவ்வேறு பிரிவினராதல் உண்டு. தாயின் குருதி தான் பெற்ற மகவுக்குப் பொருந்தாதொழிதலும் உண்டு. 1952 இல் பம்பாயில் அறியப்பட்டு அவ்வூர்ப் பெயரே பெற்ற அரிய பிரிவொன்று உளது. அப்பிரிவினர்க்கு அப்பிரிவினர் குருதியன்றிப் பிறிதொன்றும் ஆகாது. அத்தகையான் ஒருவன் சாங்காலத்து, தன் குலத்தார் ஆயிரவர் சூழ நிற்பினும் பயனில்லை. முன்பின் அறியாத ஒருவன் எங்கிருந்தோ வந்து காத்தல் வேண்டும். இன்னுமொன்று. மிக நெருங்கிய உறவினர் குருதியை நேரே ஏற்றுதலில் தனியொரு கேடு விளைதல் உண்டாகலின், அதன்மேற் கதிர் செலுத்திய பின்னரே ஏற்றுதல் மருத்துவர் முறை. இரத்த உறவு என்று பெருமை பேசுவார் இதனைச் சிறிது சிந்திப்பாராக.

இக்குலக்கலப்பு அச்சம் தமிழர்க்கே உரியதும் அன்று. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்தார், கருநிறத்தார் குருதியை முதலிற் கொள்ளவே மறுத்தனர். 1942 முதல் கொண்டனராயினும், வெண்ணிறத்தார் குருதியொடு கலவாது தனியே குறியிட்டு வைத்தனர். 1950 வரை அவ்வழக்கம் நின்றது. பிரித்தானியர்க்குக் குருதிநீர் திரட்டியனுப்பும் பெரும்பணியை 1940 இல் நடத்திய சார்லஸ் டுரூ என்னும் மருத்துவரோ கருநிறத்தவர். அறிவியல் வளர்ந்த நாட்டிலும் செருக்கு அறிவியலுக்குச் செவிகொடுத்திலது. அவர் தம் செருக்குக்கு வேதத்தைச் சான்று காட்டினும் காட்டாதொழியினும், சைவர் அவ்விழிவழக்குக்குச் சித்தாந்தத்தைச் சான்று காட்டுதல் பெரும்பிழை.

என்னை? சித்தாந்தம் அதற்கு நேர்மாறாகலின். சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் உடம்பின் வேறாய் உயிர் உண்டு என்று நாட்டிற்று. அறுபது தாத்துவிகங்களை எண்ணுமிடத்துக் குருதி நீரின் கூறுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அஃதாவது, குருதி பூதத்தின் காரியம், தூலவுடம்பைச் சார்ந்தது, சடம். குணமோ குணதத்துவத்தைச் சார்ந்தது. வினையோ உயிரைப் பற்றி நிற்பது. சூக்கும உடம்பொடு தொடர்வது. சடமாகிய நீர்ப்பொருள் ஒன்று குழாய்வழிப் புகுந்து புத்தியையும் குணத்தையும் வினையையும் மாற்றிவிடும் என்பான், உடம்பே உயிர் என்னும் உலகாயதன் வாயிலில் நிற்கின்றான். பரபக்கத்தில் முதற்கண் மறுக்கப்பட்ட கொள்கை அதுவன்றோ? வாயாற் சித்தாந்தமும் மனத்தால் உலகாயதமும் பேசுவார்க்கு அருணந்தி சிவாசாரியர் மறுப்பையே மீண்டும் படித்தல் மருந்தாகும்.

புலாலுண்பான் குருதியை ஏற்ற மரக்கறியாளன் நோன்பு கெடுமோ என்பது இதன் கிளை. கெடாது. புலால் மறுத்தற்கு அடிப்படை கொலை மறுத்தல். ஓருயிரைக் கொன்றன்றி ஊன் வாராமையின் ஊன் விலக்கப்பட்டது. ஈண்டுக் கொல்லப்பட்டது யாது? கொடுத்தவன் எழுந்து, பழச்சாறு பருகி, தன் வீட்டுக்கு நடந்து போகின்றான். நாவுஞ் சுவைத்திலது; உயிரும் மாய்ந்திலது. இதனைப் புலால் என்று அஞ்சுபவன் தாய்ப்பாலையும் அஞ்சல் வேண்டும்.

பிராரத்தம் பற்றிய ஆட்சேபம் கேட்போரை மயக்குவது. 'அவன் வினை அவன் நுகர்கின்றான்' என்று கூறிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருத்தல் எளிது, ஞானம்போலவுந் தோன்றும். இவ்வெளிய ஞானத்தைத் திருஞானசம்பந்தப்பெருமான் முன்னமே கடிந்தருளினார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது அவர் அருளிய திருநீலகண்டத் திருப்பதிகம், முன்வினைக்கு இது பயன் என்று வாளா சொல்லிக்கொண்டு உய்யும் நெறியை நாடாதிருத்தல் குற்றம் என்னும் கருத்தோடுதான் தொடங்குகின்றது. சமயாசாரியர் குற்றம் என்றதை இவர் கொள்கை என்கின்றார். மழவன் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியபோதும், அப்பூதியடிகள் மைந்தனை அரவு தீண்டியபோதும், 'பிராரத்தம்' என்று கூறி ஆசாரியர் அப்பாற் போயினாரல்லர். நோய் வினைப்பயன் எனின், நோய் தீர்தலும் வினைப்பயனே. வினையை ஊட்டுவோன் இறைவன். இறைவன் ஒருவன்பொருட்டு வைத்த மருந்து தன் நரம்பினுள் ஓடுகின்றது என்று எண்ணுதற்கும் இடமுண்டு. அவன் பங்கு துன்பத்தோடு முடிந்தது என்று இவர்க்குக் கணக்குக் காட்டியவர் யார்?

இனி எஞ்சியது பசுபுண்ணியம் என்னும் ஆட்சேபம். கற்றார் சிலர் கூறுவதாகலின் இதற்குச் சிறிது மதிப்பளித்து ஆராய்தல் முறை. இறைவன் திருவடியை நினையாது செய்யும் அறங்கள் பயனற்றன என்பது சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்துப் பெறப்படும். இதனைக் காட்டி, 'ஆகலின் குருதிக்கொடை வேண்டா' என்ப. அற்றன்று. அவ்விடத்துப் பழிக்கப்பட்டது மறதி, அறமன்று. அச்சூத்திரத்திலேயே நல்லொழுக்கங்களை அடுக்கிக் கூறும் செய்யுள் ஒன்று உண்டு. அதனுள் அன்பும் அருளும் தானமும் எண்ணப்பட்டிருத்தலை அவர் மறந்தார். மறந்து செய்தல் வீண் எனின், நினைந்து செய்க என்பதே பெறப்படும் பொருள். செய்யற்க என்பது அன்று. சோறு உண்ணுங்கால் இறைவனை நினையாமை குற்றம் என்று ஆசிரியர் கூறினால் மாணவன் பட்டினி கிடப்பானோ?

அப்பூதியடிகள் சரிதத்தை நோக்குக. அவர் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். அப்பந்தரில் நீர் பருகினார் எல்லாரும் சிவதீக்கை பெற்றவரோ? வழிச்செல்வார் யாவரும் பருகினர். நீர் ஒன்றே, தாகம் தணிந்தமையும் ஒன்றே, மற்று அது அடியார் திருப்பெயரால் வைக்கப்பட்டமையின் சிவபுண்ணியமாயிற்று, அதனைப் பெரியபுராணமும் போற்றிற்று. குருதியும் நீரின் கூறு என்பது மேலே காட்டப்பட்டது. சிவபெருமான் திருப்பெயரை உள்ளத்து வைத்து அதனை வழங்குதற்குத் தடை யாது?

திருமூலர் நடமாடுங் கோயில் என்றது அடியார்களையே. எல்லா மக்களையும் அன்று என்பாரும் உளர். ஆகுக. மருத்துவச்சாலையில் அடியார் கிடப்பதில்லையோ? பையிற் பெய்த குருதி அடியார்க்குச் செல்லுமோ அல்லார்க்குச் செல்லுமோ என்று கொடுப்பவன் அறியான். அடியார் ஒருவர்க்குச் சென்றடையக் கூடும் என்பதே அவனுக்குப் போதும். அல்லார்க்கே சென்றதாயினும் என்னை? வெப்புநோயால் துடித்த பாண்டியன் அப்பொழுது சமண சமயத்தவன். திருஞானசம்பந்தர் அவன் சைவனாகும்வரை காத்திருந்து திருநீறு பூசினாரல்லர். பூசி நோய் தீர்த்தார். சைவனாதல் பின்னர் நிகழ்ந்தது.

திருக்குறள் அன்புடைமை அதிகாரத்து, அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்கு உரியதாக்குவர் என்னும் கருத்துக்குப் பரிமேலழகர் புறாவின்பொருட்டுத் துலைபுக்க சிபியை எடுத்துக்காட்டினார். புறாவுக்கு எக்குலம், எச்சமயம் என்று எந்த உரையாசிரியரும் ஆராய்ந்திலர்.

மறுப்பாரை மட்டும் கடிந்து, கொடுப்பார் எல்லாரையும் புகழ்தல் நடுவுநிலைமை அன்று. கொடுப்பாருள்ளும் காரணம் பிழைத்தார் உளர். தலைவர் பிறந்தநாளிலும் நடிகர் பிறந்தநாளிலும் படம் எடுக்கப்படும்வரை படுக்கையிற் கிடந்து, படம் எடுத்தபின் மறுமுறை அவ்வழி நோக்காதார் பலர். அவர் கொடுத்த குருதியும் உயிர் காக்குமாகலின் அதனைப் பழித்தல் வேண்டா. கேடு விளைப்பார் வேறு. தமக்கு நோய்த் தொற்று உண்டோ என்று இலவசமாக அறிதற்பொருட்டே கொடுக்க வருவார் சிலர். எச்ஐவி, மஞ்சட்காமாலை வகை இரண்டு, மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதனை செய்யப்படுவது உண்மையே. மற்றுத் தொற்றிய சின்னாளில் சோதனைக்கும் அகப்படாது மறைந்து நிற்கும் காலம் ஒன்று உண்டு. ஐயமுடையான் அதனை மறைத்துக் கொடுப்பின் அது கொடையன்று, கொலை.

விற்றலும் அவ்வாறே. பொருள்வேண்டிக் குருதி விற்பான் தன் நோயை மறைப்பான்; இடைவெளியும் பாரான். இங்கிலாந்தில் ரிச்சர்டு டிட்மஸ் என்பார் 1970 இல் எழுதிய நூலில், விலைகொடுத்துக் குருதி வாங்கும் அமெரிக்க முறையையும் விலையின்றிப் பெறும் ஆங்கில முறையையும் ஒப்பிட்டு, விலைக்குருதியே நோய் மிக்கது என்று காட்டினார். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996 சனவரி 4 ஆம் நாள் அளித்த தீர்ப்பின்வழி, 1998 சனவரி 1 முதல் குருதி விற்பனை விலக்கப்பட்டது. ஆயினும் உறவினர் ஈடாகக் குருதி தருக என்று நோயாளியின் சுற்றத்தை நெருக்கும் வழக்கம் பலவிடத்து முற்றும் ஒழிந்திலது. அங்ஙனம் நெருக்கப்பட்டார், கொடுத்தற்கு அஞ்சி, பொருள்கொடுத்து ஒருவனை 'உறவினன்' என்று அழைத்து வருவர். சாத்திரம் பேசிக் கொடாதிருந்தார் இல்லத்திற் பிணி வரின் இச்சந்தைக்கே செல்ல நேர்கின்றது.

மேடைகளிற் கண்ணப்பரை முதற் கண்தானம் செய்தவர் என்றும், மூர்த்திநாயனாரைக் குருதிக்கொடையாளர் என்றும் பேசுதல் இந்நாளிற் பரவியிருக்கின்றது. இது கண்டிக்கத் தக்கது. கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பியது நோயாளி ஒருவற்கன்று. தம்மை மறந்த பேரன்பினால் இறைவற்கு. சந்தனம் கிடையாமையின் முழங்கையைக் கல்லில் தேய்த்த மூர்த்தியார் செயலும் அத்தகையது. அவ்வன்பு ஒரு நிலை; இக்கொடை வேறொரு நிலை. ஒன்றனை மற்றொன்றாக்குவார் இரண்டனையும் அறியார். 350 மில்லி லிட்டர் கொடுத்துவிட்டுக் கண்ணப்பரோடு ஒக்க இருக்கை தேடுதல் நகைப்புக்கு இடமாம்.

ஈழத்துச் செய்தி ஒன்று சைவர் கருதத் தக்கது. இலங்கையில் 2014 முதல் குருதி முழுவதும் விலையும் ஈடும் இன்றித் தாமே முன்வருவார் கொடையாலேயே பெறப்படுகின்றது. அங்கே பௌத்தர் தானத்தைத் தம் சமயக் கடனாகக் கருதித் திரள்திரளாக வந்து கொடுப்பர். பரபக்கத்தில் புத்தமதக் கொள்கைகள் நான்கும் மறுக்கப்பட்டன, அம்மறுப்பு நிற்க. உயிர் உண்டு என்று நாட்டிய சைவர் பிறிதோருயிரைக் காத்தற்குத் தயங்க, நிலைபேறுடைய உயிர் இல்லை என்னும் கொள்கையார் கைநீட்டிக் கிடப்பரேல், வாதத்தில் வென்று செயலில் தோற்றதாய் முடியும்.

இக்குருதியைத் தொழிற்சாலையில் வடித்தெடுத்தற்கு இயலாது. கொண்ட குருதியைச் சிவப்பணு, தட்டணு, குருதிநீர் எனப் பகுத்து வைப்பர். சிவப்பணு குளிரில் 42 நாள் வரை நிற்கும். தட்டணு 5 நாளே நிற்கும். பிறவியிலேயே குருதி குறைந்த தலசீமியா என்னும் நோயுடைய குழந்தை, இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் பிறர் குருதியாலேயே உயிர்த்திருக்கின்றது. திருவிழாக் காலத்தும் கோடைவிடுமுறையிலும் கொடுப்பார் குறைவர். அக்குழந்தைக்கு விடுமுறை இல்லை.

பூசையுடையார் செயற்படும் முறை எளிதே. காலையில் நீராடி, ஆன்மார்த்த பூசை முடித்து, வயிறார உண்டு, ஓரிரண்டு மணி கழித்துச் செல்க. பிரதோடம், சிவராத்திரி, கார்த்திகைச் சோமவாரம் முதலிய நாளில் பட்டினி நோற்பார் அந்நாளிற் கொடுத்தல் ஆகாது, மயக்கம் வரும். கோயிலார் அத்தகைய நாள்களிலேயே குருதிக்கொடை முகாம் வைத்து நோன்பிருப்பாரை அழைத்தல் அறியாமை. மடங்களில் குருபூசை நாளன்று மாகேசுரபூசை முடிந்தபின் பிற்பகலில் வைப்பின், உண்டார் கூட்டமும் உளதாம். வேறு விருந்து சமைத்தலும் வேண்டா. ஊசியிட்ட இடத்துக் கட்டைச் சில மணி நேரம் நனையாது வைத்து, பின்னர் நீராடி மாலைக்கடன் ஆற்றலாம். நீர் மிகுதியும் பருகுக. அன்று மட்டும் தேர்வடம் பிடித்தலும் திருமேனி தாங்குதலும் வேண்டா. அவற்றைக் கொடாதார் செய்க.